கம்பளிக்கு முடி வெட்டிய சனிக்கிழமை

எங்கள் வீட்டில் சாமி கும்பிடுவது அம்மாவின் இலாகா, நாய்க்குச் சீவிவிடுவது அப்பாவின் இலாகா. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். உள்ளே மணிச் சத்தம் கேட்டால், பின்பக்கம் துவைக்கிற கல்லின் மேல் கம்பளி ஏறி உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அம்மா சூடத்தட்டைப் பின்வாசல்வரை கொண்டுவந்து நீட்டுவாள். கையெல்லாம் முடியாக இருக்கிறது என்பார் அப்பா. அது சும்மா ஒரு சாக்கு. கை சுத்தமாக இருந்த நாளிலும் அவர் நீட்டியதில்லை.

கம்பளி என்பது எங்கள் நாயின் பெயர். தொண்ணூறுகளில் மைசூரில் நாய் வளர்த்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைப் பொமரேனியன்தான் வளர்த்தார்கள். எங்களுக்கு வந்தது வேறு வகை. அப்பாவோடு ஃபாக்டரியில் வேலை பார்த்த ஒருவருக்குப் பைலகுப்பே பக்கத்தில் நிலம் இருந்தது. அங்கே குடியிருக்கும் திபெத்தியர்களிடமிருந்து குட்டியை வாங்கிவந்தவர், அது வளர வளர முடியும் வளர்வதைப் பார்த்து மிரண்டுபோய் எங்கள் தலையில் கட்டிவிட்டார். குளிர்காலத்தில் மைசூருக்கு ஸ்வெட்டர் விற்க வருகிறவர்களின் ஊர் என்பதால் கம்பளி என்று நான்தான் பெயர் வைத்தேன். முடி தரையைத் தொடும். கண்ணைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அது படுத்திருக்கும்போது விருந்தாளிகள் தப்பான பக்கத்தைத் தடவிக்கொடுத்துச் செல்லம் கொஞ்சுவார்கள்.

சீவுவதற்கு அப்பாவிடம் ஒரு முறை இருந்தது. முதல் நாளே குளிப்பாட்டிக் காயவைத்திருக்க வேண்டும். உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் தேய்த்து முடியின் மேலாகத் தடவிக்கொள்வார். அகலப் பல் சீப்பை எடுத்து நுனியிலிருந்து ஆரம்பிப்பார். நுனியில் சீப்பு ஓடினால் கொஞ்சம் மேலே போவார், அங்கேயும் ஓடினால் இன்னும் கொஞ்சம் மேலே. சிக்கு தட்டுப்பட்டால் அதற்கு மேலே முடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார், இழுப்பது தோலுக்குத் தெரியக் கூடாது. காதுக்குப் பின்னால், முன்னங்கால் இடுக்கில், வயிற்றில் என்று யாரும் மறந்துபோகிற இடங்களை அவர் மறக்கவே மாட்டார். உண்ணி அகப்பட்டால் மண்ணெண்ணெய் ஊற்றிய டப்பா மூடியில் போடுவது என் வேலை. கடைசியில் கண்ணை மறைக்கும் முடியை எடுத்து உச்சியில் என் ரப்பர் பேண்டு ஒன்றால் முடிந்துவிடுவார். என் தலையை அம்மாதான் வாருவாள், பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில், வேரிலிருந்து, ஒரே இழுப்பாக. இந்த வீட்டில் நாயாகப் பிறந்திருந்தால் சுகமாக இருந்திருக்கும் என்று எனக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது.

அப்பாவுக்கு நாள் நட்சத்திரத்தில் நம்பிக்கை கிடையாது. கிடையாது என்பதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, வம்புக்கும் இழுப்பார். ஊருக்குக் கிளம்பினால் ராகுகாலம் எப்போது என்று அம்மாவிடம் கேட்டு, சரியாக அதில் கிளம்புவார். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்குமாம். முடிவெட்டிக்கொள்ளச் சனிக்கிழமைதான் போவார். செவ்வாய்க்கிழமை சலூனே திறக்க மாட்டேன் என்கிறார்களே என்று அவருக்கு ஒரு குறை.

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது, சங்கராந்தி முடிந்த கையோடு, வீட்டுக்குப் பாப்பா வரப்போகிறது என்று அம்மா சொன்னாள். ஏறக்குறைய அதே சமயத்தில் அப்பா சவரம் செய்வதை நிறுத்தினார். பிளேடு ஒத்துக்கொள்ளவில்லை, முகமெல்லாம் அரிக்கிறது என்றார். சலூனுக்குப் போவதும் நின்றது. பிளேடு முகத்தில்தானே அரிக்கும், தலைக்கு என்ன வந்தது என்று கேட்கும் அளவுக்கு எனக்கு விவரம் போதவில்லை.

ஒரு நாள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி, அவர் கன்னடக்காரர், காம்பவுண்டு சுவருக்கு மேலாக அப்பாவின் தாடியைப் பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டு, “எஷ்டு திங்களு?” என்று கேட்டார். எத்தனை மாதம் என்று கேட்கிறார். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே நாலு விரலைக் காட்டினாள். அப்பாவின் முகத்தைப் பார்த்து அம்மாவின் வயிற்றை இவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று எனக்கு ஒரே ஆச்சரியம். அம்மா உள்ளே போனதும் அவரிடமே கேட்டேன். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கும்போது புருஷன் முடி எடுக்கக் கூடாது, குழந்தை பிறக்கும்வரை கத்தி படக் கூடாது என்று விளக்கினார். எங்கள் அப்பா அதையெல்லாம் பார்க்கிறவர் இல்லை, பிளேடு அரிக்கிறது, அவ்வளவுதான் என்று நான் சண்டைக்குப் போனேன். அவர் சுவருக்கு மேலாகக் கையை நீட்டி என் தலையைத் தடவிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. ராகுகாலத்தில் பஸ் ஏறுகிற அப்பாவைப் பற்றி வகுப்பில் எத்தனை பெருமை அடித்திருக்கிறேன்.

அம்மாவுக்கு அந்த முறை மசக்கை கடுமையாக இருந்தது. தேங்காய் எண்ணெய் வாசம் ஆகவில்லை, நாய் வாசம் அதைவிட ஆகவில்லை. கம்பளி பின்பக்கத்துக்குக் குடிபோனது. காலையில் சோறு வடித்துவிட்டு வேலைக்குப் போய், வந்து துணி துவைத்து, என் வீட்டுப்பாடத்தையும் பார்த்த அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சீப்பு கைவிட்டுப்போயிற்று. நாங்கள் குடியிருந்த விஜயநகர் பகுதியில் அப்போது வீடுகளைவிடக் காலி சைட்டுகள்தான் அதிகம். எங்களுக்குப் பக்கத்திலேயே ஒன்று, இடுப்பளவுக்குச் செடி மண்டிக் கிடந்தது. கம்பளி பகலெல்லாம் அதில் சுற்றிவிட்டு உடம்பு முழுக்க நாயுருவி முள்ளோடு வரும். கோடை மழை வந்து சேறும் சேர்ந்துகொண்டது. சித்திரை பிறப்பதற்குள் காதுக்குப் பின்னாலும் வயிற்றிலும் முடி கெட்டியாகத் திரண்டு, தட்டினால் சத்தம் கேட்கும் போலாகிவிட்டது.

அப்பா அதை ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்து, என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் திரட்டை விலக்கிப் பார்க்க முயன்றார், விலகவில்லை. உள்ளே தோல் வெந்துபோயிருக்கும், முழுக்க வெட்டி எடுத்துவிடுங்கள், வெயில் காலம் வேறு என்று கன்னடத்தில் சொன்னார். இப்போது ஆகாது, ஒரு மூன்று மாதம் போகட்டும் என்றார் அப்பா. டாக்டர் நாயைப் பார்த்தார், அப்பாவின் தாடியைப் பார்த்தார். அந்த விரதம் உங்களுக்குத்தான் சார், நாய்க்கு இல்லை என்று சிரித்தார். வேறு யாராவது சொல்லி வேறு யாராவது கேட்டிருந்தால் முதலில் சிரிக்கிறவர் அப்பாவாகத்தான் இருந்திருப்பார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. சீவியே எடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, மருந்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் வந்ததும், காபிகூடக் குடிக்காமல் துவைக்கிற கல்லுக்குப் போய்விடுவார். ஒரு சிக்கை எடுத்து முடிப்பதற்குள் பக்கத்தில் இன்னொன்று விழுந்திருக்கும். மருந்து முடியின் மேலேயே நின்றுவிட்டது, தோலுக்குப் போய்ச் சேரவில்லை. சீப்பைக் கண்டதும் கல்லின் மேல் தாவி ஏறிய நாய் இப்போது சீப்பைக் கண்டதும் காலி சைட்டுச் செடிக்குள் ஒளிந்தது. ஒரு நாள் வலி பொறுக்காமல் அப்பாவின் கையைக் கவ்விவிட்டது. அப்பா அடிக்கவில்லை. ரத்தத்தைக் குழாயில் கழுவிவிட்டு மறுபடியும் வந்து உட்கார்ந்தார்.

“வெட்டிப்போடுங்களேன்,” என்றாள் அம்மா. “பாவம், எந்நேரமும் நக்கிக்கிட்டே கெடக்குது.”

“பேடா,” என்றார் அப்பா.

அப்பா வீட்டில் தமிழில்தான் பேசுவார். வேண்டாம் என்பதைக் கன்னடத்தில் சொன்னால் மட்டும் அதற்கு மேல் பேச்சு இல்லை. அவருக்கு நாயின் அழகு போய்விடுமே என்று கவலை என நான் நினைத்தேன். டாக்டர் சொன்னதும் காதில் விழுந்துதான் இருந்தது. ஆனால் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வதை எந்த அளவுக்கு நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஏழாம் மாதம் வளைகாப்புக்கு நாள் பேச மாமா வந்தார். அம்மாவின் தம்பி, கொள்ளேகாலில் பட்டுப்புடவைக் கடையில் வேலை. வாய் ஓயாத மனிதர். புடவை மடிக்கிற பழக்கத்தில் எங்கள் வீட்டுத் துண்டு, போர்வை எல்லாவற்றையும் வந்த அரை மணி நேரத்தில் மடித்து அடுக்கிவிடுவார். அன்று சனிக்கிழமை. அப்பா காலை ஷிப்டுக்குப் போயிருந்தார். பின்பக்கம் கைகழுவப் போன மாமா மூக்கைப் பொத்திக்கொண்டு கம்பளியின் பக்கத்தில் குந்தினார். காதுக்குப் பின்னாலிருந்த திரட்டின் மேல் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. ஓரத்தைத் தூக்கினார். அடியில் சீழ் கோத்திருந்தது. நாய் கத்தவில்லை, அவர் கையை நக்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அக்கா, இத இப்படியே உட்டா புழு வெச்சுப்போடும்,” என்றார் மாமா. “நாலு நாளு தாங்காது.”

அம்மா பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வயிற்றின் மேல் ஒரு கை இருந்தது. பிறகு உள்ளே போனாள். மருந்து எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். தையல் மெஷின் இழுப்பறையிலிருந்து பெரிய கத்தரிக்கோலைக் கொண்டுவந்து மாமாவிடம் நீட்டினாள்.

“மச்சான் வந்தாக் கோவிச்சுக்குவாருல்லக்கா.”

“நான் சொல்லிக்கறேன். நீ வெட்டு.”

அவள் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கம்பளியின் தலையைப் பிடித்துக்கொண்டாள். பின்னங்கால்கள் என் பொறுப்பு. மாமா திரட்டுக்கும் தோலுக்கும் நடுவே விரலைக் கொடுத்து, விரலுக்கு மேலேயே கத்தரியை ஓட்டினார். பழைய மெத்தைப் பஞ்சு மாதிரி பாளம் பாளமாக வந்தது. வெட்ட வெட்ட நாய் சின்னதாகிக்கொண்டே போயிற்று. கடைசியில் கல்லின் மேல் நின்றது எங்கள் நாயின் கால்வாசிதான், அதிலும் பாதி காது. புண்ணைக் கழுவி மருந்து போட்டதும் அது உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு வீட்டைச் சுற்றி ஓடியது, பிறகு கூடத்துக்கே வந்து மல்லாந்து படுத்துத் தூங்கியது. அந்தத் தூக்கத்தைப் பார்த்து நானும் மாமாவும் சிரித்தோம். மாமா முடியையெல்லாம் முறத்தில் கூட்டி அள்ளிக் காலி சைட்டில் கொட்டிவிட்டு வந்தார்.

மத்தியானம் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் கம்பளி கேட்டுக்கு ஓடியது. இது யார் வீட்டு நாய் என்று அப்பா கேட்டார். அது அவர் கால்களுக்கு நடுவே புகுந்து குரைத்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. உடனே நிமிர்ந்தார். நாயைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தார்.

“அடுத்தது உங்க தாடிதானுங்க மச்சான்,” என்றார் மாமா. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அப்பா அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னிடம், “முடி எங்க, கண்ணு?” என்று கேட்டார். காலி சைட்டைக் காட்டினேன். டிபன் பாக்ஸ் பையைக் கீழே வைத்துவிட்டு, ஃபாக்டரிச் சட்டையோடு அந்தப் புதருக்குள் போனார். காற்று அதற்குள் முடியை நாலா பக்கமும் இழுத்துக்கொண்டு போயிருந்தது. மண்டிபோட்டு, முள்ளில் சிக்கியிருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் சேர்த்தார். திருப்பி ஒட்டவைக்க ஏதோ வழி வைத்திருக்கிறார் என்று நான் நினைத்தேன். அப்பாவுக்குத் தெரியாத விஷயம் கிடையாதே. எனக்கு அது நல்ல விளையாட்டாகப் பட்டது, நானும் போய்ப் பொறுக்கிக் கொடுத்தேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டி சுவருக்கு மேலாக எட்டிப்பார்த்தார். பார்த்ததும் தலையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அம்மா மெதுவாக நடந்து காம்பவுண்டு ஓரம் வந்தாள்.

“நாந்தான் வெட்டச் சொன்னேன். வாங்க, சாப்பிடலாம்.”

அப்பா எழுந்திருக்கவில்லை. “வயிறு வலிக்குதா?” என்று கேட்டார்.

“இல்லீங்க.”

“நெஜமா?”

“நெஜமாத்தான்.”

அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தார். அள்ளிய முடியை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. அழகான நாய் மொட்டையாகிவிட்டதற்கு அழுகிறார் என்று எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. வளர்ந்துவிடும் அப்பா என்று சொன்னேன். அவர் என்னை இழுத்து அணைத்துக்கொண்டார், சட்டையெல்லாம் நாய் வாசம் அடித்தது. மாமா சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

அன்றிலிருந்து அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வர ஆரம்பித்தார். அத்தனை தூரம் ஸ்கூட்டரில் வந்து, அம்மாவிடம் அதே கேள்வியைக் கேட்டு, அதே பதிலை வாங்கிக்கொண்டு, அரையும் குறையுமாகச் சாப்பிட்டுவிட்டு ஓடுவார். சாயங்காலங்களில் முடியே இல்லாத நாய்க்குச் சீவிவிட்டார். சீப்பு சும்மா காற்றில் ஓடும். கம்பளிக்கு அது பிடித்திருந்தது, பழையபடி கல்லின் மேல் தாவி ஏறி உட்கார்ந்துகொண்டது. மொட்டை நாய்க்கு எங்கள் அப்பா தலை சீவுகிறார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

ஆடி மழையில் தம்பி பிறந்தான். நல்ல கனம், நல்ல தொண்டை. அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக சலூனுக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்தார். பளபளவென்று இருந்த அந்த முகத்தைப் பார்த்துக் கம்பளி கேட்டுக்குள் விடாமல் குரைத்தது. அப்பா வெகுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தார். அதோடு எனக்கு அந்த விஷயம் முடிந்துவிட்டது. ராகுகாலப் பஸ்ஸும் சனிக்கிழமை சலூனும் திரும்பி வந்தன.

பிறகு எனக்குக் கல்யாணமாகி, பெங்களூரிலிருந்து பிரசவத்துக்கு மைசூர் வந்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்த என் கணவர் முடியை ஒட்ட வெட்டி, முகத்தை மழித்துக்கொண்டு வந்து இறங்கினார். அப்பா வாங்க என்று சொன்னார், காபி கொடுக்கச் சொன்னார், பின்பக்கம் போய்விட்டார். வெகுநேரம் வரவில்லை. அவருக்கு என்ன கோபம் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா சமையலறையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“கோவமில்ல,” என்றாள். “உனக்கும் உன் தம்பிக்கும் நடுவால ஒண்ணு இருந்துச்சு. அஞ்சு மாசம். அப்ப உன்னயக் கொள்ளேகாலுக்கு அனுப்பிட்டோம், உனக்குத் தெரியாது.”

கொள்ளேகால் எனக்கு நினைவிருந்தது. மாமா தினமும் கடையிலிருந்து வரும்போது ஏதாவது வாங்கி வருவார். அது லீவு என்றுதான் இருபது வருடங்களாக நினைத்திருந்தேன்.

“ஒரு சனிக்கெழம உங்கப்பா முடி வெட்டிட்டு வந்தாரு. பக்கத்து வீட்டு ஆன்ட்டி, இந்த நேரத்துல ஏன் வெட்டினீங்கன்னு சத்தம் போட்டாங்க. இவரு சிரிச்சாரு. ரெண்டு நாள்ல எனக்கு வயிறு வலிக்க ஆரம்பிச்சுது.” அம்மா காயைப் பார்த்தபடியே பேசினாள். “அதனாலதான்னு அவர் ஒரு நாளும் சொல்லல. நம்பவும் இல்ல. ஆனா அடுத்த தடவ அவரால சலூன் பக்கம் போக முடியல.”

அவ்வளவு தெரிந்தும் நாய்க்கு நீ எதற்காக வெட்டச் சொன்னாய் என்று கேட்டேன்.

“அது வேதனப்பட்டுச்சு, அதுக்கொண்ணும் பண்ணாம இருக்க முடியுமா?” பிறகு மீதியைச் சொன்னாள். “அப்புறம் இன்னொண்ணும் நெனச்சேன். ஒண்ணச் சொமக்கறதே அவருக்குத் தாங்கல. வயித்துல இருக்கறதும் போச்சுன்னா, அது நான் வெட்டுனதால போனதா இருக்கட்டும்னு.”

உனக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன். அம்மா அவரைக்காயை அலசப் போய்விட்டாள்.

அந்தச் சனிக்கிழமை நான் பிடித்திருந்த பின்னங்கால்கள் வெட்டி முடிக்கும்வரை வெடவெடவென்று உதறிக்கொண்டே இருந்தன. அந்தப் பக்கம் கம்பளியின் தலை அம்மாவின் கைகளில் இருந்தது. நாய்தான் நடுங்குகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.